கடல்மட்டத்துக் காலும் 3,636 மீட்டர் மூச்சும்: சிங்கலீலா முகட்டு ஓட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்திலிருந்து ஐந்து ஓட்டக்காரர்கள் ஒரு நவம்பர் மாதம் மேற்கு வங்கத்தின் சிங்கலீலா மலைமுகட்டில் ஓடப் போனார்கள். ஊரில் ஏற்றத்தில் அவர்களில் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத ஒருவர், அங்கே முதல் இரவே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான்காம் நாள், மற்ற நால்வரும் தொடை நடுங்கப் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் ஓடியே இறங்கினார். ஒரே உடம்பு, ஒரே பயிற்சி, ஒரே மலை. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நான் அந்தப் பயணத்தில் இல்லை. ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் பேசி, அவர்களுடைய கைக்கடிகாரப் பதிவுகளை வாங்கிப் பார்த்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே தொழிலைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

ஆள்

அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறார். விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன்பு மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும் என்பதால் இந்தத் தொழிலுக்கு இருட்டுதான் நேரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே சரிவு. நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்து, கொஞ்சம் உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, வாளியோடு மறுபடி அதே சுற்று, சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுக்க. நிறைந்த வாளியைச் சிந்தாமல் சரிவில் இறக்கிக் கொண்டுவருவது இந்தச் சுற்றின் கடைசிக் கட்டம்.

ஓட்டப் பயிற்சியாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிற பல விஷயங்கள் இந்த வேலையிலேயே இருக்கின்றன: குறுகிய அடி, தாழ்ந்த இடுப்பு, விளக்கு வெளிச்சம் விழும் இரண்டு மீட்டருக்குள் அடுத்த காலடியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்கத்தில் எடையைத் தாங்கும் தொடை. அவர் ஓடத் தொடங்கியது ஒரு கோயில் திருவிழாப் பந்தயத்தில் வேடிக்கையாகத்தான். பிறகு நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஓடும் குழுவோடு சேர்ந்தார்.

குழுவின் மற்ற நால்வர்: பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர், கல்லூரி ஆசிரியை ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் பார்க்கும் இளைஞர் ஒருவர். சிங்கலீலா என்ற யோசனை பட்டாளக்காரருடையது. வடவங்கத்தில் பணியில் இருந்த காலத்தில் அவர் அந்த மலையைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறார்.

வீட்டு மலை

குமரி மாவட்டத்துக்காரனுக்கு மலை புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடமே இதுதான். வடகிழக்கு எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர். ஆனால் அந்த முகட்டில் நினைத்தவுடன் ஏறி ஓட முடியாது. அசம்பு மலைகளும் கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துக் காடுகளும் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன. யானை நடமாடும் இடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஓடுவதை வீரம் என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆகவே குழுவின் பயிற்சி பெரும்பாலும் மருந்துவாழ்மலையில்தான். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொத்தையடியில் தனியாக நிற்கும் பாறைமலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை; நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. கீழே படிக்கட்டு, நடுவில் உருண்ட கற்கள், மேலே சாய்ந்த வெறும்பாறை. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி என்று ஒரு காலை முழுக்க ஓட்டினால் சேரும் ஏற்றமும் இறக்கமும் பெரிய மலைக்கு ஈடாகும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எவ்வளவு வலிது என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றில் பாறைமேல் நிற்கப் பழகியவனுக்கு முகட்டுக் காற்றும் ஓரளவு பழக்கப்பட்டதுதான்.

இங்கே கிடைக்காத ஒரே பொருள் உயரம். மாவட்டத்தில் என்று மட்டுமில்லை, தென்னிந்தியாவிலேயே இல்லை. தமிழ்நாட்டின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சி ஆனைமுடி 2,695 மீட்டர். சிங்கலீலா முகட்டின் உச்சியான சந்தக்ஃபூ 3,636 மீட்டர். நம் மகேந்திரகிரியின்மேல் இன்னொரு மகேந்திரகிரியைத் தூக்கி வைத்தாலும் அந்த அளவுக்கு வராது.

திட்டம்

சிங்கலீலா முகடு இந்திய நேபாள எல்லையை ஒட்டியே ஓடுகிறது. சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மானேபஞ்சாங் என்ற சிற்றூரில் தொடங்கி, சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி வழியாகச் சந்தக்ஃபூ வரை 31 கி.மீ. அங்கிருந்து ஃபாலுட் வரை 21 கி.மீ., முழுக்க முகட்டின் மேலேயே. பிறகு கோர்க்கே கிராமத்துக்கு இறக்கம். பாதை பெரும்பாலும் ஜீப் போகும் வழி. பழைய லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஏறிய தடம். வழிகாட்டி ஒருவரை அமர்த்தாமல் மானேபஞ்சாங்கிலிருந்து புறப்பட விடமாட்டார்கள். வழியில் எல்லைக் காவல் சாவடிகளில் அடையாள அட்டை காட்ட வேண்டும்.

வழக்கமாக நடந்துபோகிறவர்கள் தும்லிங்கில் ஓர் இரவு, காலிபோக்ரியில் ஓர் இரவு என்று தங்கி மூன்றாம் நாள் சந்தக்ஃபூ சேர்வார்கள். நம் குழு அந்த 31 கி.மீ.யையும் ஒரே பகலில் முடிப்பதென்று போட்டது. "நாங்க நடக்கப் போகல, ஓடப் போறோம்" என்பது தேன்காரத் தம்பியின் வாதம். பட்டாளக்காரர் ஒப்பவில்லை. தும்லிங்கில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தார். நால்வர் ஒரு பக்கம் நின்றதால் ஒருவர் வழிவிட்டார். ஆனால் திட்டத்தின் கடைசியில் ‘டார்ஜிலிங் சுற்றிப்பார்க்க’ என்று ஒரு நாளைச் சேர்த்துவிட்டார். அந்த நாளை அவர் எதற்காகச் சேர்த்தார் என்பது மற்றவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏன் இந்த அவசரம்? நான் ஐந்து பேரிடமும் கேட்டேன். அறியாமை என்று சொல்ல முடியாது. கைப்பேசியில் தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் தகவல் அது. காரணம் விடுப்பு. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நியூ ஜல்பைகுரி வழியாகத்தான் போகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும், இறங்கி மாற வேண்டியதில்லை; ஆனால் போகவே இரண்டு நாளுக்கு மேல், வரவும் அதே. வங்கிக்காரருக்கு விடுப்பு கணக்கு, ஆசிரியைக்குக் கல்லூரித் தேர்வு. ரப்பர்க்காரருக்கு நவம்பர் என்பது நல்ல பால் ஓடும் காலம். அவர் போகாத ஒவ்வொரு நாளும் கூலி போகும், மரமும் சும்மா நிற்கும். ரயிலில் போகும் நாட்களைக் குறைக்க முடியாது. ஆகவே குறைந்தது மலையில் இருக்கும் நாட்கள்.

முதல் நாள்

விடியற்காலையில் புறப்பட்டார்கள். மானேபஞ்சாங்கிலிருந்து சித்ரே வரை முதல் மூன்று கி.மீ. நேர்க்குத்தான ஏற்றம். ரப்பர்க்காரர் அதை ஓடியே ஏறினார். வழிகாட்டிப் பையன் வியந்துபோய்ச் சிரித்ததாக ஆசிரியை சொன்னார்.

சரிவு ஒரு அளவுக்கு மேல், ஏறத்தாழ பதினைந்து பாகைக்கு மேல் போனால், அதே வேகத்தில் நடப்பதைவிட ஓடுவதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். மலை ஓட்டத்தில் உலக அளவில் முன்னணியில் இருப்பவர்கள்கூடச் செங்குத்தில் கையைத் தொடையில் ஊன்றி நடப்பது அதனால்தான். ஊரில் மருந்துவாழ்மலை ஏற்றம் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். அங்கே ஓடியே ஏறினாலும் அந்தச் செலவு வெளியே தெரியாது. 31 கி.மீ. பாதையில் அது கணக்கில் ஏறிக்கொண்டே போகும். மலை ஓட்டத்தில் நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கி.மீ. சமதரையாக வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பாதையில் ஏற்றம் மட்டும் சுமார் 2,000 மீட்டர். நடுவில் தும்லிங்கிலிருந்து கைரிபாஸுக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கி, இழந்ததை மறுபடி ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் அன்றைய உழைப்பு 50 கி.மீ.க்குக் குறையாது. அதன் கடைசிப் பகுதி, பிக்கேபஞ்சாங்கிலிருந்து உச்சி வரை, எல்லாவற்றிலும் செங்குத்தானது, எல்லாவற்றிலும் காற்று மெலிந்தது.

கைக்கடிகாரப் பதிவில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. காலிபோக்ரிக்குப் பிறகு அவருடைய வேகம் பாதியாகிவிட்டது. இதயத்துடிப்பு மட்டும் இறங்கவில்லை; ஊரில் உச்சகட்ட ஏற்றத்தில் அரைமணி நேரம் மட்டும் தாங்கும் அளவிலேயே மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. பின்னால் நடந்து வந்த பட்டாளக்காரர் இரண்டு முறை குரல் கொடுத்திருக்கிறார்: "மக்கா, பையப் போ. இங்க ஒருத்தரும் நம்மள விரட்டல." அவர் கேட்கவில்லை. உச்சியில் முதலில் போய் நின்றதும் அவர்தான்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா உயரத்திலும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். மாறுவது அழுத்தம். கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் சந்தக்ஃபூவில் 490 அளவில்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உடம்பு இதை உடனே சரிக்கட்டத் தெரிந்த வழி வேகமாக மூச்சு விடுவதும் இதயத்தை விரட்டுவதும். மற்ற மாற்றங்களுக்கு நாட்கள் வேண்டும். சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள், புதிய சிவப்பணுக்கள் கணிசமாகச் சேர வாரங்கள். எத்தனை முறை மருந்துவாழ்மலை ஏறினாலும் இந்த வேலை தொடங்கவே தொடங்காது. உயரம் பழகாத உடம்புக்குத் தலைவலியும் குமட்டலும் சோர்வுமாக வருவதுதான் மலைநோய். நன்றாக ஓடத் தெரிந்தவருக்கு அது வராது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உடல்தகுதி மலைநோயைத் தடுப்பதில்லை. வேகமாக உயரம் ஏறும் திறனைத்தான் அது தருகிறது. ஆபத்து வருவது அந்த வழியில்தான்.

உயர்மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் கவலை குறைவு, எங்கே தூங்குகிறாய் என்பதே கேள்வி. இவர்கள் முந்தைய இரவு தூங்கியது 2,000 மீட்டரில். அதற்கு முந்தைய இரவு ரயிலில், கிட்டத்தட்ட கடல்மட்டத்தில். அன்று தூங்கப்போவது 3,636-இல்.

இரவு

பிற்பகல் மூன்று மணிக்குச் சேர்ந்தவருக்கு மாலை வரை ஒன்றுமில்லை. தங்குவிடுதியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கஞ்சன்ஜங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்திருக்கும் புத்தர் வடிவம் என்று அங்கே சொல்கிற அந்த வரிசை முழுவதும் மாலை வெயிலில் தெரிந்ததாம். இரவு ஒன்பது மணிக்குத் தலைவலி. பட்டாளக்காரர் அவரிடம் கேட்டார்:

"தம்பி, எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே, தலைக்குள்ள ஒரு நோவு. சாயா குடிச்சா மாறும்."

"சோறு தின்னியா?"

"வேண்டாம்ணே. ஓங்கரிச்சிட்டு வருது."

தேன்காரத் தம்பி அதை வாயுக்கோளாறு என்றார். வங்கிக்காரர் வெயில் என்றார். விடுதிக்காரர் அன்போடு தோங்பா கொண்டுவந்தார். மூங்கில் குவளையில் புளித்த கேழ்வரகின்மேல் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் மதுபானம். பட்டாளக்காரர் அதை மரியாதையாகத் தள்ளி வைத்தார். அந்த உயரத்தில் முதல் இரவில் மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

ஆசிரியையிடம் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது; விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி. அது முதலில் 74 காட்டியதும் எல்லோரும் பதறிவிட்டார்கள். விரல் ஜில்லென்று இருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். கையை அடுப்பருகே காய்ச்சிய பிறகு 83. அந்த உயரத்துக்குப் புதிதாக வந்தவருக்கு எண்பதுகளின் நடுவில் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. மற்ற நால்வருக்கும் 85-க்கும் 89-க்கும் இடையில் இருந்தது. எண்ணை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இந்தப் பத்து நிமிடமே போதும்.

தீர்மானிக்க வேறு வழி இருக்கிறது. லேக் லூயிஸ் மதிப்பெண் என்பார்கள். தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, சோர்வு, தலைசுற்றல் என்ற நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை. தலைவலியோடு சேர்த்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய். 5 வரை லேசானது, 6 முதல் 9 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. முன்பு தூக்கமின்மையும் கணக்கில் இருந்தது, 2018-இல் எடுத்துவிட்டார்கள். உயரத்துக்கு வந்து ஆறு மணி நேரமாவது ஆன பிறகே மதிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடிய களைப்பும் மலைநோயும் குழம்பிவிடும். அன்றிரவு அவர் சொன்ன விவரங்களை வைத்து நான் போட்ட கணக்கு: தலைவலி 2, குமட்டல் 1, சோர்வு 2, தலைசுற்றல் இல்லை. மொத்தம் 5. லேசானதின் மேல்விளிம்பு.

இரவில் இன்னொன்று நடந்தது. பக்கத்தில் படுத்திருந்த தேன்காரத் தம்பி, அண்ணனின் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு வருவதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். உயரத்தில் தூங்குகிறவர்களுக்கு இது சாதாரணம். ஆபத்தின் அறிகுறி அல்ல. ஆனால் அவருக்கு அது யார் சொல்லித் தெரியும்? விடியும்வரை தூங்காமல் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

நிறுத்தியது யார்

காலையில் ரப்பர்க்காரர் எழுந்து காலணிக் கயிறு கட்டத் தொடங்கினார். திட்டப்படி அன்று ஃபாலுட். அவருடைய வாதம் கேட்க நியாயமாகவே இருந்தது: ஃபாலுட் 3,600 மீட்டர், சந்தக்ஃபூவைவிட உயரமில்லை, மேலே ஏறக்கூடாது என்பதுதானே விதி, நாம் ஏறப்போவதில்லையே.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். விதியின் எழுத்துப்படி அவர் சொன்னது சரி. ஆனால் முகட்டுப் பாதையின் ஆபத்து அதன் உயரத்தில் மட்டும் இல்லை; வழியில் விட்டு இறங்க முடியாமையில் இருக்கிறது. சாதாரண மலைப்பாதையில் உடம்பு கெட்டால் வந்த வழியே திரும்பினால் போதும், ஒவ்வோர் அடியும் மருந்து. முகட்டில் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே உயரம். சந்தக்ஃபூவிலிருந்து 14 கி.மீ. தள்ளி சபர்க்ராம் வந்த பிறகுதான் மொல்லே பக்கமாகக் கீழே இறங்கும் கிளைவழி. அதுவரை 3,500 மீட்டருக்கு முன்பின்னாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். சந்தக்ஃபூவிலிருந்தோ குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு நேரே இறங்கிவிடலாம். சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் குறையும். அதாவது, தப்பிக்கும் வாசல் அவர் நின்ற இடத்திலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு வாசலே இல்லாத நடைபாதைக்குள் போவதா என்பதே கேள்வி.

பட்டாளக்காரர் அவரைத் தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் ஒட்ட நேராக நடக்கச் சொன்னார். தள்ளாட்டம் இல்லை. தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் கட்டம் என்று பொருள். அதற்குமேல் பேச்சே கிடையாது, அந்த நிமிடமே கீழே. படுத்திருக்கும்போது மூச்சுமுட்டலோ இருமலோ உண்டா என்று கேட்டார், இல்லை. ஆகவே இறங்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், இன்று இங்கேயே இருப்போம் என்றார். டார்ஜிலிங் நாள் அங்கேதான் செலவானது.

இந்த முடிவை நான் சரி என்றே நினைக்கிறேன். லேசான மலைநோய்க்கு அதே உயரத்தில் ஓய்வெடுப்பது போதுமான சிகிச்சை. கூடினால் இறங்க வேண்டும். தலைவலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். மலைநோய்த் தடுப்பு மருந்தான அசெட்டசோலமைடு யாரிடமும் இல்லை. ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறும் திட்டம் வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். தடுப்புக்கு வழக்கமாகச் சொல்வது 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அன்று பகல் முழுவதும் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே பொருள் ஊரிலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் வற்றல். உப்பும் மாவும் கொழுப்பும் ஒன்றாகக் கிடைக்கும் நல்ல ஓட்டத் தீனி அது. காசு கொடுத்து வாங்கிய ஜெல் பொட்டலங்களை அவர் தொடவே இல்லை. மாலைக்குள் தலைவலி விட்டது. இரவில் நூடுல்ஸும் முட்டையும் தின்றார்.

முகடும் இறக்கமும்

மூன்றாம் நாள் ஃபாலுட் போனார்கள், ஒரே நிபந்தனையோடு: ஏற்றத்தில் யாரும் ஓடக்கூடாது, பேசிக்கொண்டே போக முடியாத வேகம் கூடாது. பட்டுப்போய் நிற்கும் ஃபிர் மரங்கள், மஞ்சளாகிப்போன புல்வெளி, இடப்பக்கம் நேபாளம். காற்று மட்டும் விடவில்லை. வியர்த்த சட்டையோடு நின்றால் நிமிடங்களில் உடம்பு நடுங்கும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கி.மீ. மலை ஓட்டப் போட்டியில் 172 பேரில் 21 பேர் குளிரில் உறைந்து இறந்ததை இந்தக் குழு அறிந்திருந்தது. அந்த முகடு சந்தக்ஃபூவைவிட வெகு தாழ்வானது. காற்றும் மழையும் சேர்ந்தபோது கையில் தடித்த மேலாடை இல்லாததே பலரைக் கொன்றது. பட்டாளக்காரர் ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் காற்றுத்தடுப்பு மேலாடை இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்த பிறகே புறப்பட்டார். ஃபாலுட் வரை சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள் கோர்க்கேவுக்கு இறக்கம். 15 கி.மீ.க்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே. மூங்கில் காடு, வேர், ஈரக்கல். இறங்கும்போது தொடையின் முன்தசை இழுபட்டு நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். தசை நார்களை அதிகம் கிழிப்பது இந்த வகை வேலைதான். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை அந்தச் சேதத்தைப் பட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் வெகு குறைவாகவே சேதப்படும். ரப்பர்க்காரரின் தொடை இந்தப் பாடத்தை ஆண்டுக்கணக்கில் தினமும் படித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் பால் வாளியோடு. மற்ற நால்வரும் மருந்துவாழ்மலையில் ஏற்றத்தை நேரம் பார்த்து ஓடிவிட்டு, இறக்கத்தைப் பேசிக்கொண்டே நடந்து கழித்தவர்கள். பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் முதல் ஐந்து கி.மீ. வரை வித்தியாசம் பெரிதில்லை. பிறகு நால்வரின் வேகமும் மளமளவென்று விழுகிறது, அவருடையது அப்படியே இருக்கிறது. உயரம் குறையக் குறைய மூச்சும் திரும்பி வந்தது. கோர்க்கேயில் அவர் சாயா குடித்து முடித்து, ஆற்றில் கால் கழுவி, வழிகாட்டியோடு சைகையிலேயே ரப்பர் வெட்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஆசிரியை வந்து சேர்ந்தார். தேன்காரத் தம்பி ரயிலில் இரண்டு நாளும் மேல்படுக்கையில் ஏற முடியாமல் கீழ்ப்படுக்கைக்காக எல்லோரிடமும் கெஞ்சினாராம்.

இந்த முடிவை வைத்து, ‘பார்த்தீர்களா, ஒரே நாளில் ஏறியும் எல்லோரும் நன்றாகத்தானே வந்தார்கள்’ என்று குழுவுக்குள்ளேயே இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக வந்ததற்குக் காரணம் கூடுதலாகச் செருகி வைத்த ஒரு நாளும், அதைச் செலவழிக்கத் துணிந்த ஒரு ஆளும். அந்த நாள் இல்லாமல் திரும்பும் டிக்கெட் மட்டும் கையில் இருந்திருந்தால், குமட்டலோடு முகட்டில் ஓடியிருப்பார். தடுக்க யாருக்கும் வாய் வந்திருக்காது. 3,636 மீட்டருக்குப் பழக உடம்பு கேட்டது பயிற்சியை அல்ல, இரவுகளை. அந்த இரவுகள் திட்டத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் கூலியும் விடுப்பும்.

ஆகவே அடுத்த பயணத்துக்குக் குழு பேசிக்கொண்டிருப்பது மார்ச் கடைசி. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெட்டு நிற்கும்; அந்த நாட்களில் போனால் அவருக்குக் கூலி இழப்பு இல்லை. முகட்டில் அப்போது பனி விலகத் தொடங்கியிருக்கும், ஏப்ரல் நெருங்கினால் ரோடோடெண்ட்ரான் பூக்கும். முதல் இரவு தும்லிங், அடுத்தது காலிபோக்ரி, மூன்றாம் இரவு சந்தக்ஃபூ. வங்கிக்காரருக்கு மார்ச் கணக்கு முடிக்கும் மாதம் என்பதால் அவர் வரமுடியாது என்கிறார். மற்ற மூவருக்கும் ரப்பர்க்காரர் இப்போதே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துவாழ்மலையை நடந்து ஏறுவது, ஓடி இறங்குவது.